நகரத்துப் பேயும் துப்பறிவோனும்

பேய் என்றால் புளியமரம், மந்திரவாதி என்றால் ஊர்க்கோடிச் சுடுகாடு என்பதே நம்மில் பெரும்பாலோர் இளமையில் கேட்டு வளர்ந்த கதைகளின் இலக்கணமாகும். புளியமரத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் மாடிக் குடியிருப்புகளில் வாழ வந்துவிட்ட நமக்கு, பேய்களும் நம்மைப் போலவே நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன என்று எவரேனும் கூறினால் நகைப்பே உண்டாகும். ஆயினும் ஆங்கில இலக்கியத்தில் இக்குடிபெயர்ச்சி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. மின்விளக்கும் டிராம் வண்டியும் காவல் நிலையமும் உள்ள நகரத்தில் மாயமும் மறைந்து வாழ்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்படும் இவற்றை ‘நகர மாயக் கதைகள்’ என்று நாம் அழைக்கலாம். இன்று நம் இல்லங்களில் இளைஞர்கள் விரும்பிப் படிக்கும் நூல்களில் இவையும் அடங்கும்.

இக்கதைகளில் பேயைக் காட்டிலும் நம் கவனத்துக்குரியவன் ஒருவன் உண்டு. அவன்தான் துப்பறிவோன். பழங்கதையில் பேய் பிடித்தது என்றால் பூசாரியை அழைப்பார்கள். அவர் வேப்பிலையோடு வருவார். பிடித்தது பேய்தானா என்று அவர் கேட்பதில்லை. புதுக்கதையில் வருகிறவனோ குறிப்பேட்டோடு வருகிறான். என்ன நிகழ்ந்தது, யார் கண்டார்கள், எத்தனை மணிக்கு, கதவு உட்புறம் தாழிட்டிருந்ததா என்று வினவுகிறான். இந்த வினாக்களே இவ்வகை இலக்கியத்தின் உயிர்நாடி என்பது நம் கருத்து.

இதன் தொடக்கத்தை டப்ளின் நகரத்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானுவிடம் காணலாம். 1869-இல் வெளிவந்த ‘பச்சைத் தேநீர்’ என்னும் கதையில் ஜென்னிங்ஸ் என்ற பாதிரியார் லண்டனில் ஓர் இரவு குதிரை பூட்டிய பொது வண்டியில் தனியே பயணம் செய்கிறார். எதிர்மூலை இருட்டில் சிவந்த ஒளிப்புள்ளிகள் இரண்டு தெரிகின்றன. உற்று நோக்கினால் அது ஒரு சிறு கருங்குரங்கு. குடையால் குத்தினால் குடை அதனை ஊடுருவிச் செல்கிறது. அன்று முதல் அது அவரை விட்டு நீங்குவதில்லை. ஹெஸ்ஸீலியஸ் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இவ்வழக்கை ஆராய்கிறார். இரவெல்லாம் கண்விழித்துக் கடுந்தேநீர் பருகியதால் நோயாளியின் அகக்கண் திறந்துவிட்டது என்று முடிவு செய்கிறார். வைத்தியம் தொடங்குமுன்னரே நோயாளி தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொள்கிறார். அமானுஷ்யத்தை ஒரு வைத்தியரின் குறிப்பேட்டில் பதிவுசெய்த புதுமை இக்கதைக்கு உரியது.

வைத்தியர் தொடங்கியதைத் தொழிலாகவே நடத்தியவன் கார்னாக்கி. வணிகக் கப்பல்களில் ஊழியம் செய்து, பின்னர் எழுத்தாளராகி, 1918-இல் முதலாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுக்கு இரையான வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் படைத்த பாத்திரம் இவன். 1910 முதல் இதழ்களில் வந்த கதைகள் 1913-இல் நூலாயின. 1947-ஆம் ஆண்டுப் பதிப்பில் மேலும் மூன்று சேர்க்கப்பட்டு, மொத்தம் ஒன்பதாயின. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையோரமுள்ள செய்னி வாக் என்னும் தெருவில் கார்னாக்கியின் வீடு. நண்பர் நால்வரை விருந்துக்கு அழைப்பான். உணவு முடியும் வரை வழக்கைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டான். பிறகு குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டு தொடங்குவான். கதை முடிந்ததும் அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவான்.

கார்னாக்கியின் முறை நோக்கத்தக்கது. பேய் உலாவுவதாகக் கூறப்படும் அறையில் அவன் முதலில் தேடுவது மனிதனைத்தான். சுவரைத் தட்டிப் பார்ப்பான்; தரையை அளப்பான்; கதவு சன்னல்களுக்கு முத்திரை வைப்பான்; புகைப்படம் எடுப்பான். இவையனைத்தும் பயன்படாதபோதே தற்காப்புக்கு ‘மின்சார ஐங்கோணத்தை’ அமைப்பான். மின்கலத்தின் ஆற்றலால் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களால் ஆன சக்கரம் அது. மந்திரக் கோலத்துக்கு மின்சாரம் பாய்ச்சிய இக்கற்பனை நமக்குப் புன்னகையை வரவழைக்கலாம். நம் ஊர்க் கோயில் கோபுரங்களில் குழல்விளக்கால் ‘ஓம்’ எழுதியதைக் கண்டு பழகியோருக்கு அது அத்துணை வியப்பாகவும் இராது.

இவற்றுள் மூன்று கதைகளை அடுத்தடுத்துப் படித்தல் நலம். முதலாவதில், ஒரு பழைய மாளிகையின் வழிபாட்டு அறையில் கண்ணுக்குத் தெரியாத கை கத்தியை வீசுகிறது. கார்னாக்கி தான் எடுத்த புகைப்படங்களை ஒப்பிட்டு, கத்தியை எறிவது பலிபீடத்தருகே முற்காலத்தில் மறைத்து அமைக்கப்பட்ட ஓர் இயந்திரப் பொறி என்று கண்டுபிடிக்கிறான், பேய் இல்லை. இரண்டாவதில் அயர்லாந்து தேசத்து அறையொன்று தானே சீழ்க்கை அடிக்கிறது. அங்கே தீமை மெய்யாகவே இருக்கிறது. அறையை இடித்து எரித்த பிறகே அடங்குகிறது. மூன்றாவதில் குதிரைக் குளம்பொலியால் ஒரு பெண்ணின் திருமணத்தைத் தடுக்க முயலும் ஏமாற்றுக்காரன் பிடிபடுகிறான். பிடிபட்ட பின்னரும் குளம்பொலி கேட்கிறது. ஆகவே அடுத்த கதையைத் திறக்கும்போது விடை எப்பக்கம் சாயும் என்று வாசகனால் முன்கூட்டி அறிய இயலாது. கார்னாக்கியாலும் இயலாது. அதனால்தான் அவன் விசாரித்தே ஆகவேண்டியிருக்கிறது.

நம் காலத்தில் இவ்வகை பெரிதும் பெருகிவிட்டது. தரம் அவ்வாறே பெருகவில்லை. இரண்டு தொடர்களை மட்டும் குறிப்பிடுவோம். அமெரிக்கரான ஜிம் புட்சர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய தொடரின் நாயகன் ஹாரி டிரெஸ்டன், சிக்காகோ நகரத்துத் தொலைபேசிப் புத்தகத்தில் ‘மந்திரவாதி’ என்றே தன் பெயரைப் பதிந்துகொண்டவன், காவல்துறைக்கு ஆலோசகன். இவனே ஒரு காலத்தில் மந்திரத்தால் உயிர்க்கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, மந்திரவாதிகளின் சபையால் மரண தண்டனையின் விளிம்பில் நிறுத்தப்பட்டவன். புதிய குற்றம் எது நிகழ்ந்தாலும் முதல் ஐயம் இவன்மீதே விழுகிறது. குற்றம் சுமத்தப்பட்டவனே விசாரணையையும் நடத்துவதால் கதைக்கு ஒரு தனி வேகம் கிடைக்கிறது.

மற்றது பென் ஆரனோவிச் 2011-இல் தொடங்கிய ‘லண்டன் நதிகள்’. சியரா லியோன் நாட்டிலிருந்து குடியேறிய தாய்க்கு லண்டனில் பிறந்த பீட்டர் கிராண்ட் என்னும் இளம் காவலர், ஒரு கொலைக்குச் சாட்சி தேடும்போது அச்சாட்சி ஓர் ஆவியாக இருக்கக் காண்கிறார். உடனே ஓடிவிடாமல் வாக்குமூலம் எழுதத் தொடங்குகிறார். நம்மவர் தவறாமல் சுவைக்கக்கூடிய பகுதி வேறொன்று. தேம்ஸ் நதியின் அன்னை தேவதையாக இந்நூலில் வருபவள், செவிலியர் பயிற்சிக்காக நைஜீரியாவிலிருந்து லண்டனுக்கு வந்து, துயரம் தாளாது நதியில் வீழ்ந்த ஒரு பெண்மணி. குடியேறி வந்தவளே அந்நகரத்து நதியாகிவிடுகிறாள். யமுனைக்கரையிலும் ஹூக்ளிக்கரையிலும் வாழ்ந்து வரும் நமக்கு இக்கற்பனையின் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை.

வங்க மொழியிலும் இதற்கு அருகில் வரும் கதைகள் உண்டு. சரதிந்து பந்தோபாத்யாயர் படைத்த பரதா என்பவர் பீகாரின் முங்கேர் நகரில் வாழும் வங்காளி. ஆவிகளில் அசையாத நம்பிக்கை உடையவர். அதே ஆசிரியர் படைத்த துப்பறிவாளர் வியோமகேஷ் கொல்கத்தாவிலிருந்து அங்கே சென்று பரதாவைச் சந்திக்கும் கதை ஒன்றும் இருக்கிறது. ஒருவர் நம்புகிறார்; மற்றவர் தடயம் கேட்கிறார். இறுதியில் ஆவி என்று அஞ்சப்பட்டது மனிதனின் சூழ்ச்சி என வெளிப்படுகிறது. கொல்கத்தா வாழ் தமிழர்கள் இதனை மூலத்திலேயே படிக்கும் பேறு பெற்றவர்கள்.

இதுவரை நாம் கூறிய துப்பறிவோர் அனைவரும் ஆண்கள் என்பதை நேயர்கள் கவனித்திருக்கக் கூடும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொற்சிக்கல் எழுகிறது. ‘மந்திரவாதி’ என்னும் சொல்லில் அச்சத்தோடு ஒருவகை மதிப்பும் கலந்திருக்கிறது. ‘சூனியக்காரி’ என்பதில் வெறுப்பன்றி வேறில்லை. ஆங்கிலத்திலும் ஆண்பாற் சொல்லுக்கும் பெண்பாற் சொல்லுக்கும் இடையே இதே ஏற்றத்தாழ்வு உண்டு. ஃபிரிட்ஸ் லைபர் என்னும் அமெரிக்கர் 1943-இல் எழுதிய ‘மாய மனைவி’ என்ற நாவலில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், தம் மனைவி இரகசியமாகத் தாயத்துகளைச் செய்து தம்மைக் காத்து வருவதைக் கண்டுபிடிக்கிறார். மூடநம்பிக்கை என்று கடிந்து அவற்றை எரிக்கச் செய்கிறார். அன்று முதல் அவர் வாழ்வு சரிகிறது. அச்சமூட்டும் ஆற்றல் மிக்க நூல் இது. ஆனால் பெண்கள் யாவரும் கணவன்மார் அறியாது சூனியம் பயில்கிறார்கள் என்பதே அதன் அடித்தளம். சூனிய வேட்டையாடியவர்களின் மனத்தில் இருந்த ஐயமும் இதுவே. கதையின் திறத்தை மெச்சும்போதே இதனையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இங்கிலாந்தில் இந்த வேட்டை சட்டத்தின் துணையோடு நடந்தது. 1682-இல் பைடிஃபோர்டு ஊரைச் சேர்ந்த மூன்று பெண்கள் இக்குற்றத்துக்காக எக்ஸிட்டர் நகரில் தூக்கிலிடப்பட்டனர். 1735-ஆம் ஆண்டுச் சட்டம் நிலையைத் தலைகீழாக்கியது: சூனியம் செய்வது குற்றம் என்பது போய், மந்திர ஆற்றல் உண்டென்று நடிப்பதே குற்றமாயிற்று. அச்சட்டத்தின்கீழ் 1944-இல்கூட ஹெலன் டங்கன் என்ற ஆவி ஊடகக்காரி ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1951-இல்தான் அது நீக்கப்பட்டது.

நம் நாட்டில் இவ்விஷயம் நூலகத்து அலமாரியோடு நின்றுவிடவில்லை. ராஞ்சியிலும் ஜாம்ஷெட்பூரிலும் குவாஹாத்தியிலும் வாழும் நேயர்கள், ஒரு குழந்தை இறந்தது, ஒரு மாடு மடிந்தது என்பதற்காக ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லித் துன்புறுத்திய செய்தியை நாளிதழில் படித்திருப்பார்கள். பீகார் அரசு 1999-இல் இதற்கெதிராகச் சட்டம் இயற்றிற்று. ஜார்க்கண்டில் 2001-இல் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி ஒரு பெண்ணை ‘டாயின்’ என்று சுட்டிப் பெயரிடுவதே குற்றம். அதற்கு மூன்று மாதம் வரை சிறை. சத்தீஸ்கர் 2005-இலும், ஒடிசா 2013-இலும், ராஜஸ்தானும் அஸ்ஸாமும் 2015-இலும் தத்தம் சட்டங்களை இயற்றின. இவ்வழக்குகளில் குற்றம் சாட்டுவோன், சாட்சி, நீதிபதி மூவரும் பெரும்பாலும் ஒரே ஓஜா. அறையை அளப்பாரில்லை, முத்திரை வைப்பாரில்லை.

அஸ்ஸாமின் கோவால்பாரா மாவட்டத்தில் வாழ்ந்த பிருபாலா ராபா அவ்வாறு சோதித்துப் பார்த்தவர்களுள் ஒருவர். 1980-களின் நடுவில் அவருடைய மூத்த மகனுக்கு மனநோய் கண்டது. வைத்தியம் பார்த்த நாட்டு மந்திரவாதி, பையனை ஓர் அமானுஷ்ய சக்தி பற்றியிருப்பதாகவும், அவன் மூன்றே நாளில் இறந்துவிடுவான் என்றும் கூறினான். மூன்று நாள் கடந்தது, மகன் இறக்கவில்லை. சொன்னது பொய்த்துவிட்டது என்றால் அவ்வாறு சொன்னவன் மற்றப் பெண்களைப்பற்றிச் சொல்வதும் பொய்யாகத்தானே இருக்கவேண்டும் என்று அந்த அன்னை எண்ணினார். பின்னர் ஊர் ஊராகச் சென்று, சூனியக்காரி என்று குறிக்கப்பட்ட பெண்களுக்காக வாதாடினார். அதற்காகத் தம் சொந்த ஊராராலேயே ஒதுக்கிவைக்கப்பட்டார். அஸ்ஸாம் சட்டத்துக்கு 2018-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 2021-இல் பிருபாலாவுக்கும், சூனியப் பழி சுமத்தப்பட்டு ஊரைவிட்டு வெளியேற நேர்ந்த ஜார்க்கண்டின் சுட்னி தேவிக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பிருபாலா 2024-ஆம் ஆண்டு மே மாதம் காலமானார்.