தண்ணீர் கேட்காத தோட்டம்

கோடை பிறந்துவிட்டால் நம் சேலம், நாமக்கல் சமவெளியில் பூச்செடி வளர்ப்பது எத்துணைச் சிரமம் என்பதை இல்லத்தரசிகள் நன்கறிவர். ஆழ்துளைக் கிணறு கைவிட்ட நாளில், குடிநீருக்கே குடமேந்தி நிற்பவர்கள் ரோசாச் செடிக்கு எதை வார்ப்பார்கள்? ஆதலால், நீர் கேட்காத தோட்டம் ஒன்றைப்பற்றி இத்திங்கள் அன்பர்களோடு உரையாட விழைகிறோம். ஜப்பான் நாட்டு ஜென் துறவிகள் தம் மடங்களில் அமைத்த உலர்தோட்டமே அது. கல்லும் சரளையுமே அதன் செல்வம்.

கியோட்டோ நகரின் ரியோவான்ஜி மடத்துத் தோட்டம் இவற்றுள் பெரும்பெயர் பெற்றது. ஏறத்தாழ 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட வெண்சரளைப் பரப்பு. அதில் ஐந்து தொகுதிகளாக 15 கற்கள். மரமில்லை, பூவில்லை, கற்களின் அடியில் சிறிது பாசி மட்டுமே. திண்ணையில் எவ்விடத்தில் அமர்ந்து நோக்கினும் ஒரு கல்லாவது கண்ணுக்குத் தப்பிவிடும். பல்வைத்த பலகையால் சரளையில் இழுத்துவிடும் வரிகள் நீரலைபோல் தோன்றும். 1994-இல் யுனெஸ்கோ நிறுவனம் கியோட்டோவின் பழம்பெரும் சின்னங்களோடு இதனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

“பௌத்தர் தோட்டம் நம்ம வீட்டுக்கு எதுக்குங்க சாமி?” என்று நம் பங்கிலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஜென் தியான முறையைக் கிறிஸ்தவர்களிடையே அறிமுகப்படுத்தியவர்களுள் முன்னின்றவர் இயேசு சபைக் குருவாகிய ஹுகோ லசால் அடிகள். 1898-இல் ஜெர்மனியில் பிறந்து, 1929-இல் ஜப்பான் சென்ற அவர், 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்நகரிலேயே இருந்து காயமுற்றார். அதே நகரில் 1954-இல் எழுந்த உலக அமைதி நினைவுப் பேராலயத்துக்காக நாடு நாடாகச் சென்று பொருள் திரட்டியவரும் அவரே. அத்தகையவர் அமைதியைத் தேடியது விளையாட்டுக்காக அன்று. நம் தமிழ்நாட்டிலும் அதே சபையைச் சேர்ந்த ஆமா சாமி அடிகள், ஜப்பானில் யமதா கோவுன் என்னும் ஆசானிடம் பயின்று, 1996-இல் கொடைக்கானலுக்கு அருகே பெருமாள்மலையில் ‘போதி ஜென்டோ’ என்னும் தியான இல்லத்தை நிறுவினார்.

பிற சமயங்களில் உண்மையாகவும் தூயதாகவும் உள்ள எதனையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவுபடுத்தியது. உடலும் மனமும் அடங்கும் பயிற்சியையே செபமென்று மயங்கலாகாது என 1989-இல் உரோமைப் பேராயம் ஒன்று எச்சரித்தது. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால் குழப்பமில்லை. இத்தோட்டம் பீடமன்று. கடைகளில் விற்கும் புத்தர் தலையை வாங்கி அதில் வைக்க வேண்டாம்; பிறர் வணங்கும் உருவை அலங்காரப் பொருளாக்குவது முறையன்று. மாதா சுரூபமும் அங்கு வேண்டாம், அதற்கு வீட்டில் வேறிடம் உண்டு. வெறுமையாய் இருப்பதே இதன் வேலை.

பங்கு இல்லத்தின் கீழ்ப்புறத்தில் 6 அடிக்கு 4 அடி இடத்தில் நாமும் ஒன்று அமைத்தோம். தொடக்கத்தில் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். கட்டட வேலையில் மிஞ்சிய ஆற்றுமணலைப் பரப்பினோம். ஆடிக்காற்று இரண்டே நாளில் அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மிச்சத்தை ஊர்ப் பூனைகள் தம் வசதிக்கு எடுத்துக்கொண்டன! மணல் அள்ளிப் பள்ளமான காவிரியைக் கண்டும் மணலையே நாடினோமே என்ற வெட்கம் வேறு.

பின்னர் கிரஷரிலிருந்து கால் அங்குலச் சல்லி தருவித்தோம். தரையை நான்கு அங்குலம் தோண்டித் திமிசுக்கட்டையால் இடித்து, மழைநீர் வடியச் சற்றே சரிவு கொடுத்து, களை முளைக்காதிருக்கத் துணிவிரிப்பு இட்டு, அதன்மேல் மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பினோம். இதற்கு ஆறு கனஅடிச் சல்லி போதும். சேலத்தில் வெள்ளைக்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் உச்சி வெயிலில் அது கண்ணைக் கூசச்செய்யும். சாம்பல்நிறக் கருங்கல் சல்லியே நமக்கு உகந்தது. கல் மூன்று போதும். ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதைத்து நடவேண்டும். அப்போதுதான் தரையிலிருந்தே எழுந்ததுபோல் நிற்கும். மேலே வைத்த கல்லோ, இறக்கிவிட்டு மறந்துபோன சரக்குபோல் தோன்றும்.

விசைத்தறிக்கூடத்தில் இரவு முறை வேலை செய்யும் அன்பர் ஒருவர், மனைவியை இழந்தபின் உறக்கமின்றித் தவித்தார். “வேலை முடிஞ்சாலும் தறிச் சத்தம் காதுலயே நிக்குதுங்க சாமி” என்பார். ஒருநாள் விடியற்காலைப் பூசைக்குப்பின் பலகையை அவர் கையில் கொடுத்தோம். ஆறுதல் மொழி எதுவும் நமக்கு அகப்படவில்லை என்பதே உண்மை. அவர் கற்களைச் சுற்றி வரியிட்டார், கோணலாயிற்று, அழித்து மீண்டும் இட்டார். கால்மணி நேரம் சென்றிருக்கும். “வாசல்ல அவ கோலம் போடறாப்பலயே இருக்குதுங்க” என்றவர், அப்படியே தரையில் அமர்ந்து அழுதார். அந்த வீட்டு வாசலில் எட்டு மாதமாகக் கோலமில்லை என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அதன்பின் வாரம் இருமுறையேனும் வந்தார். உறக்கம் வந்ததா என நாம் கேட்கவில்லை. சென்ற வாரம் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பல்லுக்குப் பல் எத்தனை அங்குலங்க சாமி?” என்றார். இரண்டு என்றோம். விரற்கடையால் தாமும் ஒருமுறை அளந்துகொண்டு, தச்சர் வீட்டை நோக்கி நடந்தார்.