குழு ஓ.கே. சொல்லியும் சந்தைக்கு வராத பி.டி. கத்தரிக்காய்! சட்டம் சொல்வது என்ன?

கத்தரிக்காயை புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்கும் இல்லத்தரசிகளுக்கு இன்னமும் ஒரு சந்தேகம் உண்டு. "ஒரு சொத்தை கூட இல்லையே, மரபணு மாத்தின காயா இருக்குமோ?" என்பதுதான் அது. இந்தியாவில் பி.டி. கத்தரிக்காயை பயிரிடவோ விற்கவோ அனுமதி கிடையாது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கத்தரிக்கு பெரிய எதிரி தண்டையும் காயையும் துளைக்கும் புழு. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை செடிக்குள் புகுத்தினால், அந்த செடியை கடிக்கும் புழு செத்துப்போகும். இதுதான் பி.டி. கத்தரி. மஹிகோ நிறுவனத்தின் இந்த தொழில்நுட்பம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் மூலம் கோ-2, பி.எல்.ஆர்-1 போன்ற நம்ம ஊர் ரகங்களிலும் சேர்க்கப்பட்டது.

அனுமதி தருவது யார்?

1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு சட்டத்தின் கீழ் 1989-ல் விதிகள் வகுக்கப்பட்டன. அதன்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் உள்ள மரபணு பொறியியல் குழுவை தாண்டாமல் எந்த மரபணு மாற்று விதையும் வயலுக்கு வர முடியாது. 2002-ல் பி.டி. பருத்தி இந்த வழியாகத்தான் வந்தது.

2009 அக்டோபர் 14-ந்தேதி கத்தரிக்கும் இந்த குழு ஓ.கே. சொன்னது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. அப்போதைய மத்திய மந்திரி ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களுக்கு போய் விவசாயிகள், விஞ்ஞானிகளிடம் கருத்து கேட்டார். பல மாநில அரசுகளும் வேண்டாம் என்றன. 2010 பிப்ரவரி 9-ந்தேதி அவர் காலவரையின்றி நிறுத்தி வைத்தார்.

பிடுங்கி எறிந்தனர்

தடையை மீறினால் நஷ்டம் விவசாயிக்குத்தான். 2019-ல் அரியானா மாநிலம் பதேகாபாத்தில் ஒரு வயலில் பி.டி. கத்தரி வளர்வது தெரியவந்தது. அதிகாரிகள் செடிகளை அழித்தனர். எனவே பில் இல்லாமல் "புழுவே வராது" என்று விற்கும் விதையை வாங்கினால், போட்ட காசு மண்ணோடு போய்விடும்.

சமையலறையில் பருத்தி

சாப்பாட்டுக்கு தனி சட்டம் இருக்கிறது. 2006-ம் ஆண்டு உணவு பாதுகாப்பு சட்டத்தின் 22-வது பிரிவு, மரபணு மாற்று உணவை அனுமதியின்றி தயாரிக்க, விற்க, இறக்குமதி செய்ய தடை போடுகிறது.

ஆனால் கத்தரிக்காயை தடுத்த நாட்டில் பருத்திக்கொட்டை எண்ணெய் சமையலுக்கு வருகிறது. புண்ணாக்கை மாடு தின்கிறது. இந்தியாவில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி பி.டி. பருத்திதான் என்பது குறிப்பிடத்தக்கது.

சரி, கடையில் பளபளக்கும் அந்த சொத்தை இல்லாத கத்தரிக்காய்? அது பூச்சிமருந்து அடித்த காயாக இருக்கலாம். நன்றாக கழுவி சமைப்பது நல்லது.