இரவல் வரைபடமும் மாணவர் கைவேலையும்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு முந்தின இரவில், மகன் உறங்கிக் கிடக்க, தந்தையார் அட்டை வெட்டிப் பசை தடவிக்கொண்டிருக்கும் காட்சியை நம் இல்லங்களில் கண்டிருக்கிறோம். மறுநாள் பரிசு மகனுக்கு! இதே சிக்கல் பெரிய அளவில் அமெரிக்கப் பள்ளிகளில் எழுந்து, நெடுநாள் வாதத்திற்கு உள்ளாகியிருக்கிறது.

டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989-ஆம் ஆண்டு நிறுவிய 'பர்ஸ்ட்' என்னும் அமைப்பு, 1992 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு ரோபோப் போட்டி நடத்தி வருகிறது. (இயந்திர மனிதன் என்று எழுதினால் வாசகர் கையும் காலும் தேடுவர், இதுவோ சக்கரம் பூண்ட கனத்த வண்டி.) சனவரித் திங்களில் அவ்வாண்டின் விளையாட்டு இன்னதென அறிவிக்கப்படும். 2019 வரை, ஏறத்தாழ ஆறு வாரங்களில் ரோபோவைச் செய்து முடித்து மூட்டைகட்டிவிட வேண்டும் என்பது விதி.

2000-க்குப் பின்வந்த ஆண்டுகளில், சான் ஓசே நகரில் இயேசு சபையார் நடத்தும் பெல்லார்மின் பள்ளியின் 254-ஆம் எண் அணியும், வெஸ்ட் கொவினா நகரத்து 968-ஆம் எண் அணியும் ஒரே வரைபடத்தைக் கொண்டு இரட்டைப் பிள்ளைகளைப் போன்ற ரோபோக்களைச் செய்தன. கனடாவின் நயாகரா வட்டாரத்தில் மூன்று அணிகள் சேர்ந்து மூன்று உருவாக்கின. விதி இதைத் தடுக்கவில்லை. ஆயினும், "இது நீதியா?" என்னும் குரல் எழுந்தது.

எழுந்ததில் வியப்பில்லை. ஒரு பள்ளி சக்கர அடித்தளத்தையும் மற்றொன்று கரத்தையும் வரைந்தால், ஆறு வாரம் பன்னிரண்டு வாரமாகிவிடுகிறதன்றோ? தனித்து உழைக்கும் சிற்றூர்ப் பள்ளிக்கு அந்த வசதி ஏது? அன்றியும், கரத்தை அடுத்த பள்ளி வரைந்துவிட்டால், இந்தப் பள்ளி மாணவன் அதில் துளையிடுவதைத் தவிர வேறென்ன கற்றான்?

இவ்விரு வினாக்களையும் ஒன்றாகக் குழப்புதல் தகாதென்பது நம் கருத்து. நீதியைப் பற்றிய வினாவுக்கு விடை எளிது. இருவருக்குள் மறைவாகப் பகிர்ந்தால் மற்றவர்க்குக் குறை. எல்லார்க்கும் திறந்து வைத்தால் குறையேது? டெக்சஸ் மாநிலத்தில் நாசா ஆய்வு மையத்தின் துணையோடு இயங்கும் 118-ஆம் எண் அணி, எளிய கருவிகளால் செய்யத்தக்க 'எவ்ரிபாட்' என்னும் வரைபடத்தை வெளியிடுகிறது. பொறியாளர் துணையற்ற பள்ளிகளும் அதைக்கொண்டு களமிறங்குகின்றன. இதை நாம் வரவேற்கிறோம்.

மாணவர் பங்கு பற்றிய வினாதான் கடினமானது. 'பர்ஸ்ட்' அமைப்பு, பெரியோர் மாணவரோடு தோளோடு தோள் நின்று உழைப்பதை விரும்புகிறது. 'வெக்ஸ்' என்னும் மற்றொரு போட்டியோ, பெரியோர் கற்பிக்கலாம், ஆனால் வடிவமைப்பும் கட்டுமானமும் மாணவருடையவையாக இருத்தல் வேண்டும் என்கிறது. அங்கே பரிசுக்குரிய அணியைத் தேரும் நடுவர்கள் மாணவரின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, அவர்களையே வினவுகின்றனர். நம் மனம் பின்னதையே நாடுகிறது. இங்கே ஏன் இந்தப் பல்சக்கரம், சங்கிலி ஏன் இல்லை என்று கேட்டால், விடை தெரிந்த மாணவனுக்கு இரவல் வரைபடமும் சொந்தமே. விடைக்காக ஆசிரியர் முகத்தைப் பார்ப்பவனுக்குப் புது வரைபடமும் இரவல்தான்.

அன்று இருவருக்குள் பகிர்ந்த அதே 254-ஆம் எண் அணி, பிற்காலத்தில் தன் நிரல்களையும் நுட்பக் குறிப்புகளையும் யாவரும் காணுமாறு வெளியிட்டு வருகிறது. அவற்றை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை வரிக்கு வரி படித்து விளங்கிக்கொள்ளப் பல இரவுகள் செல்லும்; அப்போது தந்தையார் உறங்கப் போகலாம்.