தரையில் ஒரு சொட்டு இல்லை

வாரம் தவறாமல் கூலண்ட் தொட்டியில் ஒரு டம்ளர் குறைந்துகொண்டிருந்தது. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிட்டுக் காலையில் குனிந்து பார்ப்பேன். காய்ந்து கிடக்கும். மெக்கானிக் பானெட்டைத் தூக்கிய கையோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எஞ்சின் தண்ணி குடிக்குது சார். ஹெட்டை இறக்கிடலாம்."

ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட்டோடு செலவு முடியாது. லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் ஹெட் போல்ட்டுகளும் புதிதாகப் போட வேண்டும். எதையும் சோதிக்காமலே இவ்வளவுமா? சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் சந்தேகம் கூலண்ட் தொட்டியின் மூடிமேல்தான் வர வேண்டும், அதுதான் மலிவு. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியைப் போட்டு இறுக்கினால் அந்தக் கொதிநிலை 130-ஐ ஒட்டிப் போய்விடும். மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக வெளியேறும். தரையில் தடயம் இருக்காது. மூடியை மாற்றினேன். அளவு குறைவது நிற்கவில்லை.

சூடான எஞ்சின்மேல் கசிவதும் சொட்டுவதற்குள் காய்ந்துவிடும். ஆனால் ஹோஸ் கிளிப்பைச் சுற்றியோ, வாட்டர் பம்ப்பின் அடியில் கசிவைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே விட்டிருக்கும் சின்னத் துளையிலோ, நிறம் ஒட்டிய வறண்ட படிவு தங்கிவிடும். அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டும் சொட்டுகளை ஏந்தி வைத்துக்கொள்ளும். தட்டைக் கழற்றிப் பார்த்தோம். தூசிதான் இருந்தது.

'பார்த்தோம்' என்றேன், அதற்குள் இரண்டாவது மெக்கானிக் வந்துவிட்டார், அதிகம் பேசாத பெரியவர். எஞ்சின் நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்தார் (சூட்டோடு மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்கள் உண்டு). மூடி இருந்த இடத்தில் மீட்டர் வைத்த கைப்பம்ப்பைப் பூட்டி, மூடியில் பொறித்திருந்த அழுத்தம் வரைக்கும் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கால் மணி நேரத்தில் முள் இறங்கியிருந்தது. வெளியில் எங்கும் ஈரமில்லை.

அப்படியானால் கசிவு உள்ளே. தொட்டிக்குள் எழும் ஆவியை ஒரு நீல திரவத்துக்குள் இழுத்துப் பார்த்தார். கேஸ்கெட் போய் எரிந்த புகை கூலண்டில் கலந்திருந்தால், அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீலத்தை மஞ்சளாக்கிவிடும். நீலம் நீலமாகவே நின்றது. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தாற்போன்ற படலமும் இல்லை. டீசல் வண்டியாக இருந்திருந்தால் இ.ஜி.ஆர். கூலரையும் சந்தேகப்பட்டிருப்பார், என்னுடையது பெட்ரோல்.

பிறகுதான் கேட்டார். "இடது பக்கம் கால் மேட் நனையுதா?"

நனைந்துகொண்டுதான் இருந்தது, மாதக்கணக்கில். ஏ.சி. தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறது என்று இருமுறை ஊதிவிட்டாயிற்று. சென்னையில் வருஷம் முழுக்க ஏ.சி. ஓடுகிறது, வேறு எதை நினைப்போம்? ஹீட்டர் குமிழை நான் தொட்டதே இல்லை. ஆனால் பல கார்களில் குமிழைத் திருப்பாவிட்டாலும் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோருக்குள் சூடான கூலண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். குமிழ் திறப்பது காற்றுக்கான கதவை மட்டும்தான்.

மேட்டைப் பிழிந்து விரல்களில் தேய்க்கச் சொன்னார். வழவழவென்றிருந்தது, ஏ.சி. தண்ணீர் வழுக்காது. இனிப்பான வாடையும் வந்தது. முன்கண்ணாடியில் துடைக்கத் துடைக்கத் திரும்பவும் படிந்த பிசுக்கு எதுவென்று அப்போதுதான் புரிந்தது. வாடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், நாக்கில் வைக்கக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். இனிப்புக்கு நக்கிச் செத்துப்போகும் நாய்களும் உண்டு.

ஹீட்டர் கோரை மாற்ற டாஷ்போர்டையே இறக்க வேண்டும். இப்போதைக்கு அதற்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் ஒன்றாக இணைத்துவிட்டார். கூலண்ட் சுற்றிவர வழி இருக்கிறது, ஹீட்டர்தான் இல்லை.

மறுநாள் காலை தொட்டியில் மீண்டும் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. போன் போட்டேன். "உள்ள நின்ன காத்து வெளிய வந்திருக்கும் சார். ரெண்டு நாள் பாருங்க" என்றார். மூன்றாம் நாளிலிருந்து கோடு அசையவில்லை. அட்டைப்பெட்டியை மட்டும் இன்னும் எடைக்குப் போடவில்லை.