பழைய இருவழி வானொலிக்கு விலை காண்டல்

அமெச்சூர் வானொலியாளர் ஒருவர் காலமானால், அவர்தம் மேசைமீதிருந்த கருவிகளை என்செய்வதென அறியாது வீட்டார் திகைப்பர். பேசவும் கேட்கவும் பயன்பட்ட அவ்விருவழி வானொலிகள் பாரமானவை. பார்வைக்குப் பழைய இரும்பு. முதலில் வரும் வியாபாரி கூறும் தொகையே விலையாகிவிடுகிறது. வேறு சிலரோ விளம்பரத்திற் கண்ட பெருந்தொகையை நம்பி, ஆண்டுக்கணக்காக விற்காது வைத்திருந்து ஈரத்திற் கெடவிடுவர். இரண்டும் இழப்பே. நேர்மையான விலையை எவ்வாறு காண்பதென்பதை ஈண்டு நோக்குவோம்.

விற்பவர் கேட்கும் விலை வேறு. வாங்கியவர் கொடுத்த விலை வேறு. முடிவடைந்த ஏலங்களில் அதே மாதிரிக் கருவி எத்தொகைக்குக் கைமாறியது என்பதே கணக்கிற் கொள்ளத்தக்கது. அதிலும் ஒரு விற்பனை போதாது, ஐந்தாறேனும் வேண்டும். மிக உயர்ந்த விலைக்குப் போனதையே பற்றிக்கொண்டு, நம்முடையதும் அத்தகையதென எண்ணுவது மனித இயல்பு.

அமெரிக்காவின் கொலின்ஸ் நிறுவனம் 1959 இல் வெளியிட்ட கே.டபிள்யூ.எம்-2 என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். அனுப்பும் பகுதியும் வாங்கும் பகுதியும் அதில் ஒரே பெட்டியுள் அடங்கும். முற்பட்டவற்றின் முகப்பிற் சிறகுடைய இலச்சினையும், பிற்பட்டவற்றில் வட்ட இலச்சினையும் காணப்படும். வட்டத்திற்கு வாங்குவோர் கூடுதலாகக் கொடுப்பர். தனியான மின்வழங்கி இன்றி அது இயங்காது. ஆகவே, மூன்று கருவிகள் 500, 600, 900 டொலருக்கு விற்றன எனக் கொண்டால், சராசரி காண்பதற்கு முன், 900 டொலருக்குப் போனதுடன் மின்வழங்கி சென்றதா எனப் பார்த்தல் வேண்டும். சென்றிருந்தால், மின்வழங்கியில்லாத நம் கருவிக்கு அது அளவுகோலாகாது. இழுப்பறையிற் கிடக்கும் ஒலிவாங்கி, இணைப்பு வடம், கையேடு என்பவற்றைக் குப்பையென வீசுவோர் தம் பணத்தையே வீசுகின்றனர்.

இயங்குதலினும் மாறாதிருத்தலே சிலவற்றிற்கு விலை. இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியத் தாங்கிகளில் இருந்த 19 ஆம் இலக்க வானொலி இதற்குச் சான்று. கனடாவிற் செய்யப்பட்ட பலவற்றின் முகப்பில் ஆங்கிலத்துடன் இரசிய எழுத்துக்களும் உள. சோவியத் படைக்கும் அவை அனுப்பப்பட்டமையே காரணம். போரின் பின் மலிவாகக் கிடைத்த அவற்றை அமெச்சூர்கள் வாங்கி, முகப்பிற் புதுத் துளைகளிட்டுத் தம் தேவைக்கேற்ப மாற்றினர். அன்று அது திறமை. இன்று அத்துளை ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கிறது. மங்கிய எழுத்துக்குப் புதிதாக வர்ணம் பூசுவதும் அத்தகைய பிழையே.

“சுவரிற் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்” என்பார் உளர். அது செய்யற்க. நெடுங்காலம் உறங்கிய கருவியின் மின்பகு கொள்ளளவிகள் பழுதுற்றிருக்கும். முழு மின்னழுத்தம் திடீரெனப் பாய்ந்தால் அவை வெடித்தலும் கூடும், நிலைமாற்றி கருகுதலும் கூடும். உள்ளே பல நூறு வோல்ற்று ஓடுவதால் உயிருக்கும் ஆபத்து. தேர்ந்தவர் ஒருவரைக் கொண்டு சோதித்தல் வேண்டும். அவருக்குரிய கூலியை விலையிற் கழித்துக்கொள்ளலாம். “சோதிக்கப்படவில்லை” என்று எழுதினால், “பழுது” என்றே வாங்குவோர் வாசிப்பர் என்பதையும் மறத்தலாகாது.

சட்டமும் விலையை வீழ்த்தும். அமெரிக்க அரசு 2013 ஆம் ஆண்டு முதல் நாளுடன் வாணிக வானொலிகளுட் பெரும்பாலானவற்றை 12.5 கிலோஹேட்ஸ் குறுகிய அலைவரிசைக்கு மாறச் செய்தது. மாற்ற இயலாத வாகன வானொலிகள், நன்கு இயங்கியபோதும், தம் பழைய தொழிலை இழந்தன. அத்தகையவற்றைச் சேகரிப்போரும் சில அமெச்சூர்களுமே இன்று வாங்குவர். வாங்குவோர் சிலராயின் விலையும் சிறிதே.

இறுதியிற் பாரம். அனுப்புங் கூலி கருவியின் விலையை விஞ்சுவதுண்டு. ஆதலால் நேரில் வந்து எடுப்பவருக்குச் சிறிது குறைத்துக் கொடுப்பதே இலாபம். இறந்தவர் தம் கையால் எழுதிய தொடர்புப் பதிவேட்டிற்குச் சந்தையிற் பெரும்பாலும் விலையில்லை. அதனை வீட்டார் வைத்துக்கொள்க. கையேட்டை மட்டும் கருவியுடன் கொடுத்துவிடுக.