பார்த்தால் எண்ணெய், குடித்தால் கால் முடங்கும்!

டிரைகிரெசில் பாஸ்பேட். வாயில் நுழையாத பெயர். ஆனால் இந்தத் திரவம் வாயில் நுழைந்துவிட்டால், ஓடியாடித் திரிந்தவரும் படுத்த படுக்கையாகிவிடுவார்.

இது தொழிற்சாலைச் சரக்கு. சுருக்கமாக டி.சி.பி. என்பார்கள். நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ எண்ணெய் போல இருக்கும். வாசனை கிடையாது, ருசியும் தெரியாது. தண்ணீரில் கரையாது. ஆனால் சமையல் எண்ணெயில் ஊற்றினால் சுவடே தெரியாமல் கலந்துவிடும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

எதற்குப் பயன்படுகிறது?

கிரெசால் என்ற பொருள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கிறது. அதைப் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடுடன் சேர்த்து டி.சி.பி. தயாரிக்கிறார்கள்.

பி.வி.சி. பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. இதைக் கலந்தால் தோல் போல வளைந்து கொடுக்கும். சுலபத்தில் தீப்பிடிக்காது என்பது கூடுதல் நன்மை. அதனால் ஒயர் உறைகளிலும் கன்வேயர் பெல்ட்டுகளிலும் சேர்த்தார்கள். நைட்ரோ செல்லுலோஸைக் கரைக்கும் என்பதால் லாக்கர் பூச்சுகளிலும் சேர்ந்தது. இயந்திரம் தேயாமல் காக்கும் என்பதால் விமான எஞ்சின் எண்ணெயிலும் இடம் பெற்றது.

இதில் 'ஆர்த்தோ' என்ற வகைதான் நரம்பைக் கெடுப்பது. அதன் அளவை இன்று தயாரிப்பாளர்கள் வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். அதற்காக அது வயிற்றுக்குள் போகலாம் என்று ஆகிவிடாது.

இஞ்சி மருந்தில் எமன்

1930-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. குடிப்பழக்கம் உள்ளவர்கள், ஆல்கஹால் கலந்த இஞ்சி மருந்தை வாங்கிக் குடித்தார்கள். அதை ஆவியாக்கி, மிஞ்சும் கசடை எடை போட்டுப் பார்ப்பது அரசாங்கச் சோதனை. இஞ்சியைக் குறைத்துவிட்டு, எடை காட்டுவதற்காக டி.சி.பி.யைக் கலந்தார்கள் வியாபாரிகள். சோதனையில் சரக்கு தேறியது. குடித்தவர்களில் பல ஆயிரம் பேருக்குக் கால் விழுந்தது.

1959-ல் மொராக்கோ நாட்டில், விமான எஞ்சின் எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 10 ஆயிரம் பேர்.

பம்பாயிலும் நடந்தது

"அது எங்கோ நடந்தது" என்று இருந்துவிட முடியாது. 1960-ல் இதே பம்பாயில், டி.சி.பி. கலந்த கடுகு எண்ணெயைச் சாப்பிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கைகால் முடங்கியது. 1988-ல் கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் நூற்றுக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அங்கே விஷம் கலந்திருந்தது ரேப்சீட் எண்ணெயில்.

பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பது நம்மவர் வழக்கம். 1977, 1978-ல் இலங்கையில் அப்படி எண்ணெய் குடித்த தமிழ்ச் சிறுமிகள் சிலர் நடக்க முடியாமல் போனார்கள். எண்ணெயில் டி.சி.பி. இருந்தது. முன்பு இயந்திர எண்ணெய் இருந்த பாத்திரத்தில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். பெற்றவர்கள் ஊட்டம் என்று நினைத்துக் கொடுத்தது விஷமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து...

முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். அது நின்றதும் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் கெண்டைக்கால் வலிக்கும், பாதம் மரத்துப்போகும். பிறகு பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிவிடும். கைகளும் தளரலாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. உடற்பயிற்சி சிகிச்சையால் சிலர் மெல்லத் தேறுவார்கள். சிலருக்கு ஊனம் நிலைத்துவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

முகர்ந்து பார்த்து எண்ணெய் வாங்கும் பழக்கம் இங்கே உதவாது. மூக்குக்கும் நாக்குக்கும் இது அகப்படாது. பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய சமையல் எண்ணெயைத்தான் விற்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. மாநில அரசு விலக்கு அளித்தால் மட்டுமே உதிரியாக விற்கலாம். நான்கு ரூபாய் குறைகிறதென்று பெயரில்லாத டின்னில் வாங்க வேண்டாம். மெஸ் நடத்துகிறவர்களுக்கு இதில் பொறுப்பு அதிகம்.

கம்பெனியில் காலியான கெமிக்கல் டிரம், கேன்களை மலிவாக வாங்கி வந்து தண்ணீரோ எண்ணெயோ பிடித்து வைப்பவர்கள் உண்டு. இது கூடவே கூடாது. தண்ணீர் விட்டு அலசினால் போகிற பொருளல்ல இது.

தொழிற்சாலையில் இதைக் கையாளுகிறவர்கள் கையுறை போட வேண்டும். தோல் வழியாகவும் இது உள்ளே போகும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்கக் கூடாது.

ஒரே அறையில் சாப்பிடுகிற இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் கால் தளர்ந்தால், உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமுள்ள எண்ணெயைக் கொட்டிவிடாமல் கையோடு கொண்டு போங்கள். டாக்டருக்கு அதுதான் துப்பு. அதே கடையில் வாங்கிய மற்றவர்களையும் அது காப்பாற்றும்.