யூதச் சிறுவரின் தொப்பி

ஓதப்பள்ளியால் வரும்போது என் மகனின் தொப்பி சட்டைப்பைக்குள்தான் இருக்கும். ஏசினால், "இது பர்ளா வாப்பா?" என்பான்.

யூதர்களிடமும் இதே கேள்வி உண்டு. பேணுதலான குடும்பங்கள் பலவற்றில் 3 வயதில், முதல் முடி வெட்டும்போதே, மகனுக்குக் 'கிப்பா' எனும் சிறுதொப்பி அணிவிக்கிறார்கள். ஆண்பிள்ளைக்கு மார்க்கக் கடமைகள் தொடங்குவதோ 13 வயதில். அதற்கு முந்தியது பழக்குதல்தான்.

தல்மூதில் ஒரு தாய் வருகிறாள். மகன் திருடனாவான் என்று சோதிடர்கள் சொல்லிவிட்டார்கள். இறையச்சம் நிலைக்க, தலையை மூடியே அவனை வளர்த்தாள். ஒருநாள் பேரீச்சமரத்தடியில் துணி நழுவியது. ஆசை மேலிட, மரமேறிக் குலையைக் கடித்தான். அவனே பின்னாளில் பேரறிஞரான நஹ்மான் பர் இஸ்ஹாக்.

மகனுக்கு இதைச் சொன்னேன். "பர்ளில்லை மகன். ஆனா, அந்த உம்மாட பயம்தான் எனக்கும்."